உதவி கேட்கத் தகுந்த சட்டை

பாத்தா வேலைக்குப் போற பொண்ணு மாதிரி இருக்குதுன்னு சொல்றீங்க. இல்லீங்க்கா, படிக்கிறேன். பி.காம், கடைசி வருசம். நீங்க தப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா இந்தப் 'பாத்தா'ங்கற வார்த்தை காதுல விழுந்தாலே இப்பெல்லாம் எனக்கு எரிச்சலா வருது. பாத்தா வசதியான வீட்டுப் புள்ளை மாதிரி இருக்குது. பாத்தா கஷ்டப்படற மாதிரித் தெரியலையே. பாத்துப் பாத்தே என்னைய ஒரு வழி பண்ணிட்டாங்க. நல்லா உக்காருங்க, பையை நான் மடியில வெச்சுக்கறேன். திருப்பூர் வரைக்கும்தானே? இந்த நேரத்துக்கு பஸ்ஸு எங்க நகருது. சொல்றேன், கேளுங்க. யாருகிட்டயாச்சும் சொன்னாத்தான் எனக்கும் ஆறும்.

எங்க வீடு திருப்பூர்தான். அப்பா இல்லை, நான் எட்டாவது படிக்கறப்பவே போயிட்டாரு. அம்மா பனியன் கம்பெனியில செக்கிங். தெச்சு வர்ற துணியை விரிச்சுப் பாத்து, எங்க தையல் விட்டிருக்குது, எங்க ஓட்டை, எங்க எண்ணெய்க் கறைன்னு கண்டுபிடிச்சு ஸ்டிக்கர் ஒட்டற வேலை. காலேஜ் கோயமுத்தூர்ல. பேரு வேண்டாம், பெரிய காலேஜ்னு வெச்சுக்குங்க. மார்க் நல்லா இருந்துச்சு, சீட்டுக் குடுத்தாங்க. தெனமும் போயிட்டு வர்றதுதான்.

மொத நாளு நான் என்ன போட்டுட்டுப் போனேன்னு கேளுங்க. மாமா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த சுடிதாரு. ரோஸ் கலரு, கழுத்தைச் சுத்திக் கல்லு வெச்சது. எங்கிட்ட இருந்ததுலயே நல்லது அதுதானுங்க. மொத நாளுக்கு நல்லதைத்தானே போடுவோம்? அங்க போனா கிளாஸ் முழுக்க வெளுத்த கலர்ல, கசங்குன மாதிரி ஒரு குர்தி, ஜீன்ஸு. ஒருத்தி காதுல தோடுகூடப் பெருசா இல்லை. நான் மட்டும் மணவறைக்குப் பக்கத்துல நிக்கறவ மாதிரி நின்னேன். வைஷாலின்னு ஒருத்தி, நல்லவதான், சிரிச்ச மூஞ்சியோடதான் கேட்டா, இன்னிக்கு உங்க வீட்டுல ஏதாச்சும் விசேஷமான்னு.

அவ கிண்டல் பண்ணலீங்க்கா. நெசமாத்தான் கேட்டா. அதுதான் எனக்குத் தாங்கல.

சாயங்காலம் வந்ததும் அந்தச் சுடிதாரை மடிச்சுப் பெட்டிக்கு அடியில போட்டேன். இனிமே ஒருத்தியும் எங்கிட்ட அந்தக் கேள்வியக் கேக்கக்கூடாது, வேற கேள்விதான் கேக்கணும்னு மனசுல வெச்சுக்கிட்டேன்.

எங்க ஊர்ல காதர்பேட்டை இருக்குதுல்லீங்க. எக்ஸ்போர்ட்டுக்குத் தெச்சு மிச்சமானது, கழிச்சது எல்லாத்தையும் குவிச்சுப் போட்டு விப்பாங்க. கம்பெனி பேரு தெரியக்கூடாதுன்னு லேபிளைப் பாதியில வெட்டியிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை நானும் அம்மாவும் போயிருவோம். மத்தவங்க நல்ல துணியாத் தேடுவாங்க. நாங்க குத்தம் இருக்கற துணியாத் தேடுவோம். எந்தக் குத்தத்தை மறைக்க முடியும், எதை மறைக்க முடியாதுன்னு பாத்து எடுக்கணும், அங்கதான் இருக்குது சூட்சுமம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையா இருந்தா ரெண்டையும் முழங்கைக்கு மேல வெட்டிருவேன். நெஞ்சுல கறை இருந்தா அது மேலயே நூல்ல ஒரு இலை போட்டுருவேன். காலர் இழுத்துக்கிட்டு நின்னா காலரையே எடுத்துருவேன். ஆம்பளைங்க சட்டை பெரிய சைசுல எடுத்து, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தெச்சு, இடுப்புல அதே துணியில நாடா கட்டுனா, கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள தொங்கற சட்டை தோத்துப் போகும். பக்கத்து வீட்டு அண்ணன் கம்பெனியில டெய்லரு. வீட்டுல ஒரு பழைய மெஷின் வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை அவரு கறிச்சோறு தின்னுட்டுத் தூங்கற நேரம் அது எனக்கு.

கலரு மூணுக்கு மேல போகக்கூடாதுங்க. வெள்ளை, கருநீலம், மண்ணு கலரு. அப்பத்தான் எதை எதோட போட்டாலும் சேரும். எங்கிட்ட இருந்தது ரெண்டே பேன்ட்டு. மூணு வருசமா ஒருத்திக்கும் தெரியாது. செருப்பு ஒண்ணுதான், ஆனா தெனமும் தொடச்சுத்தான் போடுவேன். ஒருத்தர் எப்பிடின்னு செருப்பைப் பாத்தாலே தெரிஞ்சுரும். உங்களுதையும் நான் ஏறுனதும் பாத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஜாக்கெட்டுக் கையும் அரை இஞ்சு எறக்கியிருக்கணும் உங்களுக்கு. யாருங்க்கா தெச்சது? சரி, விடுங்க.

ரெண்டாவது செமஸ்டர்லயே ஆரம்பிச்சுருச்சு. எங்க வாங்குனே, எங்க வாங்குனே. வைஷாலிதான் மொதல்ல கேட்டா. என் சட்டைக் கையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அந்த நிமிசம் காதர்பேட்டையில குவியல்ல எடுத்ததுன்னு சொல்ல முடியுங்களா? சொல்லுங்க. எங்க சித்தி பெங்களூர்ல இருக்காங்க, அவங்க எடுத்து அனுப்புவாங்கன்னு சொன்னேன். சித்தி யாரும் இல்லீங்க. அம்மா ஒரே பொண்ணு. ஆனா இதைப் பொய்யின்னு சொல்லக்கூடாது. பொய்யின்னா அதனால யாருக்காச்சும் கெடுதல் வரணும். இதனால யாருக்கு என்ன வந்துச்சு? ஒரு பேச்சுக்குச் சொன்னது. அப்பறம் எல்லாரும் சித்தியப் பத்திக் கேக்கறாங்க, சித்திக்கு ஒரு வேலை வேணும்ல, சாஃப்ட்வேர்ல வெச்சேன். எங்க டிபார்ட்மென்ட் ஹெட் வத்சலா மேடம் ஒருநாள் வராண்டாவுல நிறுத்தி, இந்தத் துப்பட்டா ரொம்ப டீசன்ட்டா இருக்குதே, எங்கே வாங்கினேம்மான்னு கேட்டாங்க. அவங்ககிட்டயும் சித்திதான்.

இப்ப மாரிக்கனியப் பத்திச் சொல்லணும்.

கோயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறவ. ரெண்டே சுடிதாரு. ஒண்ணு பாசிப் பச்சை, ஒண்ணு ஊதா. இன்னிக்கு இது, நாளைக்கு அது. தலையில எண்ணெய் வழியும். துப்பட்டாவை ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தி, ஏழாங்கிளாஸ் புள்ளை மாதிரி. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாதுங்க. காசு இல்லாததைச் சொல்லல. நானும் இல்லாத வீடுதான். ஆனா இஸ்திரி போடறதுக்கு என்னங்க கேடு, ஹாஸ்டல்ல பொட்டி இருக்குதுல்ல? நகத்தை வெட்ட, காலரை நிமித்த காசா கேக்குது? பாக்கறவங்க இரக்கப்படட்டும்னே அப்பிடி வர்றான்னு எனக்குப் பட்டுச்சு. பாத்ததுமே எனக்கு ஆளு எப்பிடின்னு தெரிஞ்சுரும். மூணு வருசத்துல அவகிட்ட நான் மொத்தமாப் பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம்.

இந்த வருசம் கோடையில அம்மா கம்பெனியில ஆர்டர் நின்னு போச்சு. வாரத்துல மூணு நாள்தான் வேலைன்னுட்டாங்க. கடைசி வருசத்துக்குப் பீஸு கட்டணும். அம்மா எங்கெங்கயோ கேட்டுப் பாத்தாங்க. அப்பத்தான் காலேஜ்ல நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தாங்க, பழைய மாணவர் ஒருத்தரு, மில்லு வெச்சிருக்கறவரு, ட்ரஸ்ட்டு நடத்தறாரு, டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு புள்ளைக்குக் கடைசி வருசச் செலவு பூராவும் ஏத்துக்குவாங்கன்னு. நேர்ல கூப்பிட்டுப் பேசித்தான் குடுப்பாங்களாம். எங்க கிளாஸ்ல கூப்பிட்டது ரெண்டு பேரை. நானு, மாரிக்கனி.

முந்தின நாள் அம்மா சொன்னாங்க. எதாச்சும் பழசாப் போட்டுட்டுப் போ கண்ணு, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வெச்சுக்கோன்னாங்க. நான் என்ன பிச்சைக்கா போறேன்னு கேட்டேன். நான் கேட்டது தப்பா, நீங்களே சொல்லுங்க. அதே காலேஜ்ல ரெண்டாவது வருசம் வேலைக்குப் போறதுக்குப் பயிற்சின்னு ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஒரு வாரம் பாடம் நடத்துனாங்க. ரூமுக்குள்ள நீங்க நுழையற அந்த மொத நிமிசத்துலயே முடிவு பண்ணிருவாங்க, சட்டையில ஒரு சுருக்கம் இருக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நான் அதைக் கேட்டு நடந்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்தோரம் வெள்ளை நூல்லயே வேலை. ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு அதுக்கு. கருநீலப் பேன்ட்டு. எனக்குத் தெரிஞ்சு அன்னிக்கு அந்தக் காலேஜ்ல என்னைவிட நேர்த்தியா யாரும் வரல, வத்சலா மேடம் உட்பட.

உள்ள மூணு பேரு. அந்த மில்லுக்காரரு, வத்சலா மேடம், இன்னொரு சாரு, அவரு வாயே தொறக்கல. மில்லுக்காரரு என் மார்க்கைப் பாக்கல. என்னையப் பாத்தாரு. தலையில இருந்து கால் வரைக்கும்.

"இந்த மாதிரிச் சட்டை எம்பொண்ணு வெச்சிருக்கா. என்ன விலைன்னு எனக்குத் தெரியும்மா"ன்னாரு.

நான் உள்ளதைச் சொன்னேன். காதர்பேட்டையில எடுத்தது சார், கழுத்தோரம் கறை இருந்துச்சு, நானே சரி பண்ணுனதுன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. நம்பலைங்க. எங்க வீட்டுக்காரிக்கும் எக்ஸ்போர்ட் துணியெல்லாம் தெரியும், இந்த வேலைப்பாடு அங்க வராதுன்னாரு. நான் தெச்சதை நான் தெச்சதுன்னு நம்ப வெக்க என்னங்க பண்றது? அங்கயே ஊசி நூலு எடுத்துக் காட்டவா முடியும்?

அப்பத்தான் வத்சலா மேடம் மெதுவாக் கேட்டாங்க, உங்க சித்தி பெங்களூர்ல இருக்காங்கல்லம்மா, அவங்க உதவி பண்ண மாட்டாங்களான்னு. சித்தின்னு யாரும் இல்லை மேடம்னேன். "அப்ப எங்கிட்டப் பொய் சொன்னியா?"ன்னு கேட்டாங்க. இருக்காங்கன்னா நான் வசதியானவ. இல்லைன்னா நான் பொய்க்காரி. அந்த மேடம் எதுக்கு அதை அங்க எடுக்கணும்? என்னிக்கோ வராண்டாவுல சொன்னதை இத்தனை நாளு நெனப்புல வெச்சிருந்து, அன்னிக்குப் பாத்து எடுத்து வெச்சாங்க பாருங்க. அவங்க மட்டும் அன்னிக்கு வாயை மூடியிருந்தா எனக்குக் கெடச்சிருக்கும். இப்பவும் சொல்றேன்.

எந்திரிக்கறப்ப அந்த மில்லுக்காரரு சொன்னாரு. கோவமாச் சொல்லல, புத்தி சொல்ற மாதிரித்தான் சொன்னாரு. "உதவி கேக்க வர்றப்ப அதுக்குத் தகுந்த மாதிரி வரணும்மா. பாக்கறவங்களுக்கும் குடுக்கணும்னு தோணணும்ல." கதவைச் சாத்திட்டு வெளிய வந்தா, பெஞ்சுல பாசிப் பச்சைச் சுடிதாரு உக்காந்திருக்குது. கசங்கலோட. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு யாருக்குன்னு.

அடுத்த நாள் போர்டுல அவ பேரை ஒட்டிட்டாங்க. எங்கிட்ட ரெண்டு பேரு வந்து வருத்தமாப் பேசுனாங்க. எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறிருச்சு. மாரிக்கனி கிளாசுக்குள்ள வர்றா, நான் எல்லாரும் கேக்கற மாதிரியே சொன்னேன். இதைவிட நல்ல வேசம் இந்தக் காலேஜ்ல யாரும் போட முடியாது, மூணு வருசம் ஒரே வேசம், பரிசு குடுக்கத்தானே வேணும்னு சொன்னேன். அவ நின்னா. என்னையே பாத்தா. ஒண்ணும் சொல்லாமப் போய் அவ இடத்துல உக்காந்து நோட்டைத் தொறந்தா. வாயைத் தொறந்து நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தா எனக்கு அன்னிக்கே சரியாப் போயிருக்கும். அவ அப்பிடிப் பேசாமப் போனதுதான் என்னைய இன்னும் எரிய வெச்சுது.

அம்மா அவங்க கழுத்துல கெடந்த மெல்லிசுச் செயினை வெச்சு மொதக் கட்டணத்தைக் கட்டிட்டாங்க. அந்தக் கதை வேண்டாம்.

ஒரு மாசம் கழிச்சு கேன்டீன் பின்னால வேப்ப மரத்துக்கிட்ட நான் சாப்பிட்டுட்டு இருக்கேன். மாரிக்கனி வந்து நிக்கறா. ட்ரஸ்ட்டு விழா வருதாம். மேடையில ஏறி வாங்கணுமாம். அவங்க ஊர்ல இருந்து அவங்கம்மா வர்றாங்களாம், மொத தடவையா கோயமுத்தூருக்கு. எனக்கு ஒரு துணி தெச்சுத் தாறியா, காசு குடுத்துருதேன்னு கேட்டா. அவ அப்பிடித்தான் பேசுவா, இழுத்து.

எனக்கு எப்பிடி இருக்கும்னு பாருங்க. நான் பறிகொடுத்ததை வாங்கப் போறதுக்கு நானே தெச்சுத் தரணுமாம். எங்கிட்ட எதுக்குக் கேக்கறேன்னு கேட்டேன். "நீ போட்டுட்டு வாரதெல்லாம் நீயே தெச்சதுன்னு எனக்கு அப்பவே தெரியும்"னா. எப்பிடின்னு கேட்டேன். உள்பக்கம் மடிச்சு அடிச்சிருக்கறது கடைத் துணி மாதிரி இல்லை, ஓரம் கையால தெச்சதுன்னு தெரியுதேன்னா. மூணு வருசம் என் பின்னால பெஞ்சுல உக்காந்து பாத்திருக்கா. தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஒருத்திகிட்டயும் மூச்சு விடல. அதுவும் எனக்குப் புடிக்கலை. எதுக்கு ஒருத்தி அப்பிடிப் பாக்கணும்?

முடியாதுன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அப்ப ஒரு யோசனை வந்துச்சு. அந்த மில்லுக்காரரு மேடையில நிப்பாரு. கசங்குன பாசிப் பச்சை வரும்னு பாத்துட்டு இருப்பாரு. வேற ஒண்ணு ஏறி வந்து நின்னா அவரு மூஞ்சி எப்பிடிப் போகும்? அதைப் பாக்கறதுக்காகவே தெக்கறேன்னு சொன்னேன். காசு வேண்டாம்னுட்டேன். அவமேல இருக்கற பிரியத்துல இல்லைங்க, அதை நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது.

ஹாஸ்டல் ரூமுக்குப் போய் அளவு எடுத்தேன். கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி. திறந்தே கெடந்துச்சு. உள்ள அந்த ஊதாவும் ரெண்டு நைட்டியும்தான். வேற ஒண்ணும் இல்லை. சரி, எல்லாத்தையும் ஊர்ல வெச்சுட்டு வந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். எடது தோளு அவளுக்கு ஒரு விரல்கடை எறங்கியிருக்குதுங்க. சின்னதுல இருந்து தண்ணிக் கொடம் தூக்குனது. அதனாலதான் எதைப் போட்டாலும் ஒரு பக்கம் சரிஞ்சு கசங்கி நிக்குது. இஸ்திரி போட்டாலும் நிக்காது. அதை அவ யாருகிட்டயும் சொல்லல, நானும் கேக்கல, டேப்பு வெச்சதும் தெரிஞ்சுது.

காதர்பேட்டையில கடுகு கலர்ல ஒரு துணி கெடச்சுது. ஜன்னல் திரைக்குன்னு நெய்த துணி போல, கனமா, விழுந்தா நேரா விழும். நீளமா ஒரு குர்தா. பூவும் கீவும் ஒண்ணும் வெக்கல. எடது தோளுக்கு உள்பக்கம் மட்டும் ஒரு பட்டை குடுத்தேன், ரெண்டு தோளும் ஒரே மட்டத்துல நிக்கற மாதிரி. கழுத்துக்குக் கருநீலத்துல ஒரு கோடு. அவ்வளவுதான். விழா அன்னிக்குக் காலையில போட்டுக் கண்ணாடி முன்னால நின்னா. முதுகை நிமித்துனா. அவ்வளவு ஒசரம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். எங்க கை அப்பிடிங்க, அதைச் சொல்லணும்ல.

ஆடிட்டோரியத்துக்குப் பின்னால பேரு கூப்பிடற வரைக்கும் நிக்கச் சொல்லியிருந்தாங்க. நானும் கூட நின்னேன், ஊக்கு எதாச்சும் வேணும்னா குத்தறதுக்கு. வத்சலா மேடம் வந்தாங்க. அவளைப் பாத்ததும் நின்னுட்டாங்க. அப்பறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க, போட்டோ எடுத்து ட்ரஸ்ட்டு புக்குல போடுவாங்கம்மா, இன்னும் நேரம் இருக்குது, ஓடிப் போய் நீ எப்பவும் போடறதையே போட்டுட்டு வந்துருன்னு.

இவ மாத்திருவான்னுதான் நெனச்சேன். யாரா இருந்தாலும் மாத்திருவாங்க. நானா இருந்தாலும்... தெரியல. மாரிக்கனி சொன்னா: "இது எனக்குன்னு தெச்சது மேடம். இதோடதான் வாங்கிக்கிடுவேன். சரியா வராதுன்னா என் பேரைக் கூப்பிட வேண்டாம்."

கத்திப் பேசல. சோறு வேண்டாம்னு சொல்ற மாதிரிச் சொன்னா. பைத்தியக்காரி. ஒரு வருசப் படிப்பு. அவங்கம்மா முன் வரிசையில உக்காந்திருக்காங்க. எனக்கு அவளைப் புடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. மேடம் மூஞ்சி செவந்து போய் நின்னாங்க. அதுக்குள்ள மைக்குல பேரைக் கூப்பிட்டுட்டாங்க. அவ ஏறிட்டா.

நான் ஓடி வந்து மூணாவது வரிசையில நின்னேன், அவரு மூஞ்சியப் பாக்கறதுக்கு. பாத்தேன். முழிச்சாரு. கையில இருக்கற பேப்பரைப் பாத்தாரு, ஆளைப் பாத்தாரு, வேற புள்ளை வந்துருச்சோன்னு. அந்த ஒரு நிமிசம் எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சுங்க, பொய் சொல்லல. அதோட முடிஞ்சிருந்தா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்.

குடுத்தது அவரோட சம்சாரம். நல்ல பட்டு கட்டியிருந்தாங்க. அந்தம்மாவுக்கு வாய் சும்மா இருக்கலாம்ல? இவ குர்தாவைத் தொட்டுப் பாத்து, ரொம்ப அழகா இருக்குதே, எங்கே எடுத்தேம்மான்னு கேட்டாங்க. மைக்கு பக்கத்துலயே இருந்துச்சு. கேட்டது ஆடிட்டோரியம் பூராவும் கேட்டுச்சு.

அதுக்கு இவ சொல்றா: "எடுக்கலைம்மா, தெச்சது. எங்க கிளாஸ் ரூபிகா தெச்சா. காதர்பேட்டையில துணி எடுத்து அவளே தெப்பா. அவ போடறது எல்லாமே அவ தெச்சதுதான். அந்தா நிக்கா."

கையை நீட்டி வேற காட்டுனா, அக்கா. நான் நடுவுல நிக்கறேன், எல்லாத் தலையும் திரும்புது. வைஷாலி திரும்பறா. மூணு வருசம். மூணு வருசம் நான் ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்துக் கட்டி வெச்சதை, ஒரே மூச்சுல, மைக்குல போட்டு ஒடச்சா. சித்தியும் போச்சு, பெங்களூரும் போச்சு. கை தட்டுனாங்க. எதுக்குத் தட்டுனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. எனக்குத் தரை பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

விழா முடிஞ்சதும் அவளைத் தனியா இழுத்துட்டுப் போய்க் கேட்டேன். உன்னைய யாருடி எம்பேரைச் சொல்லச் சொன்னா, பழி வாங்கறியா, அன்னிக்கு நான் கிளாஸ்ல பேசுனதுக்குத்தானேன்னு கேட்டேன். அவ மொதல்ல நான் என்ன கேக்கறேன்னே புரியாத மாதிரி நின்னா.

"நல்லாருக்குன்னாங்க. செஞ்சவ பேரைச் சொன்னேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

அவ்வளவுதான் சொன்னா. பின்னாலயே அவங்கம்மா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் கையை எடுத்துட்டு வந்துட்டேன். அன்னியில இருந்து அவகிட்டப் பேசறதில்லை.

அப்பறம் நடந்ததெல்லாம் கேளுங்க. அடுத்த நாளே வைஷாலி வந்தா. திட்டுவான்னு பாத்தா, எனக்கு ஒண்ணு தெச்சுத் தர்றியா, எவ்வளவுன்னாலும் பரவாயில்லைன்னா. பின்னாலயே நாலஞ்சு பேரு. இப்ப ஹாஸ்டல்ல பாதிப் பேரு என் கஸ்டமருதான். இந்தப் பை பூராவும் அவங்க துணிதான். அண்ணன் மெஷினுக்கு வாடகை குடுக்கறேன். அம்மா செயினை மீட்டாச்சு, அடுத்த கட்டணத்தையும் நானே கட்டிருவேன். அதெல்லாம் சரி. அதுக்காக அவ பண்ணுனது சரின்னு ஆயிருமா? என்னையக் கேட்டுட்டா சொன்னா? கேட்டிருந்தா நான் விட்டிருப்பேனா?

போன மாசம் வத்சலா மேடம் கூப்பிட்டாங்க. அந்த மில்லுக்காரரு சம்சாரத்துக்கு என்னைய ரொம்பப் புடிச்சுப் போச்சாம். எனக்கும் உதவி பண்றாங்களாம். மெஷின் பக்கத்துல உக்காந்து தெக்கற மாதிரி ஒரு போட்டோ வேணுமாம், வீட்டுல எப்பவும் எப்பிடி இருப்பியோ அப்பிடியே இருந்தாப் போதுமாம். வேண்டாம் மேடம்னு சொல்லிட்டேன். ஏம்மா இவ்வளவு திமிருன்னு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொல்லியிருந்தா டி.சி. குடுத்திருப்பாங்க. வீட்டுல சொன்னா, அம்மா தட்டை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. எல்லாருக்கும் எம்மேலதான் கோவம். பாருங்க, இதுல நான் யாருக்கு என்ன பண்ணுனேன்?

மாரிக்கனிக்கு மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி. தெனமும் வர்றா, போறா. என்னையப் பாத்தா லேசா சிரிக்கறா. நான் திரும்பிக்குவேன். இப்ப ஊதாவும் பாசிப் பச்சையும் அந்தக் கடுகு கலருமா மாத்தி மாத்திப் போடறா. அதையாச்சும் இஸ்திரி போடறாளே, அது வரைக்கும் சரி. அடுத்த வாரம் அவளுக்கு ஏதோ பேங்க்குல இன்டர்வியூவாம். வைஷாலி சொன்னா. நான் கேக்கல. அதுக்கும் அந்தக் குர்தாவைத்தான் போட்டுட்டுப் போவா, வேற என்ன இருக்குது அவகிட்ட. பேங்க்குக்கு எவளாச்சும் கடுகு கலர்ல போவாளா? ஒருத்தரும் அவளுக்குச் சொல்ல மாட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை காதர்பேட்டையில அம்மா ஒரு பக்கம் பாத்துட்டு இருந்தாங்க, நான் ஒரு பக்கம். வெளிர் நீலத்துல ஒரு சட்டை. நல்ல காட்டன். தோள்கிட்ட மட்டும் தையல் பிரிஞ்சு கழிச்சிருக்காங்க. எடது தோளு. எப்பிடியும் பிரிச்சுத்தான் தெக்கணும், உள்ள பட்டை குடுக்க வசதி. எடுத்து மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டேன். அம்மா வாங்கி விரிச்சு, மேல தூக்கிப் பாத்தாங்க.

"ஏங்கண்ணு, இது உன் அளவு இல்லையே"ன்னாங்க.

விக்கறதுக்குன்னு சொன்னேன். அம்மா மடிச்சுப் பையில போட்டுட்டாங்க.

இல்லீங்க்கா, பேச மாட்டேன். அவளா வந்து கேட்டாலும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சட்டை நல்ல சட்டைதான். பட்டன் மட்டும் மட்டம், பளபளன்னு பிளாஸ்டிக்கு. பேங்க்குக்கு அது எடுக்காது. நாளைக்குள்ள மாத்தணும்.